கலீனா போகிறோம்: பழைய கட்டடங்களில் எதைப் பார்ப்பது?

பயணப்பை | வெள்ளி, இரவு 9.40

வணக்கம். சிகாகோவுக்கு மேற்கே ஒரு புறநகரில் இருக்கிறோம். ஊரிலிருந்து அம்மா வந்து ஆறு வாரம் ஆகிறது. உயரமான கண்ணாடிக் கட்டடங்களைக் காட்டினேன். கழுத்து வலித்தது என்றார். பெரிய கடைவளாகங்களைக் காட்டினேன். கால் வலித்தது என்றார். நேற்றுச் சாப்பிடும்போது, "இந்த நாட்டில் பழையது என்று ஒன்றுமே கிடையாதா?" என்று கேட்டுவிட்டார்.

அலுவலகத்தில் ஒருவர் கலீனாவைச் சொன்னார். இல்லினாய் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் சிற்றூர், காரில் மூன்று மணி நேரம். படங்களில் கடைத்தெரு முழுக்கச் செங்கல் கட்டடங்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. இவை மெய்யாகவே பழையவையா, சுற்றுலாவுக்காகப் பழைய மாதிரி கட்டியவையா? எதைத் தவறவிடக் கூடாது? ரயில் உண்டா? அம்மாவுக்கு முழங்கால் அவ்வளவு சரியில்லை.

ஏட்டுச்சுரைக்காய் | வெள்ளி, இரவு 10.25

பயணிகள் ரயில் இப்போது இல்லை, கார்தான். ரயிலைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

கட்டடங்கள் மெய்யானவை. கலீனா என்பது ஈயத் தாதுவின் பெயர். அதுவே ஊருக்குப் பெயராகிவிட்டது. 1826-ல் தெரு அளந்து மனை பிரித்தார்கள். அதே ஆண்டில் சுண்ணாம்புக் கல்லால் கட்டிய டவ்லிங் வீடு இன்னும் நிற்கிறது. ஊரிலேயே மூத்த வீடு அதுதான். முதலில் வணிகச் சாவடி, மேலே குடியிருப்பு. 1845 வாக்கில் அமெரிக்காவில் எடுத்த ஈயத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இந்தச் சுற்றுவட்டாரத்திலிருந்து போனது. ஊரின் நடுவே ஓடும் ஆறு சில மைல் தொலைவில் மிசிசிப்பியில் கலக்கிறது. நீராவிப் படகுகள் அதன் வழியே கடைத்தெருவின் பின்வாசல் வரை வந்து நின்றன.

அந்தக் காலத்துப் பணம்தான் இன்றைக்கு நீங்கள் பார்க்கும் செங்கல். 1845-46-ல் கட்டிய பழைய சந்தைக் கட்டடம், 1855-ல் திறந்த டிசோட்டோ ஹவுஸ் ஹோட்டல், 1857-ல் படகு முதலாளி ஒருவர் கட்டிய பெல்வெடியர் மாளிகை என்று பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் ஊர் எழுந்துவிட்டது. 1856 ஜூலையில் லிங்கன் அந்த ஹோட்டல் பால்கனியில் நின்று பேசினார்.

ரயில் வேடிக்கை இதுதான். சிகாகோவின் முதல் ரயில் நிறுவனத்தின் பெயர் கலீனா அண்ட் சிகாகோ யூனியன். பெயரில் கலீனா முதலில் வருவதைக் கவனியுங்கள். 1836-ல் பெயர் வைத்தபோது கலீனாதான் பெரிய இடம். ஆனால் அந்தத் தண்டவாளம் ஃப்ரீபோர்ட் வரை வந்து நின்றுவிட்டது, கலீனாவை எட்டவே இல்லை. 1854-ல் வேறு நிறுவனமான இல்லினாய் சென்ட்ரல்தான் ஊருக்கு ரயிலைக் கொண்டுவந்தது.

மேலமாசிவீதி | சனி, காலை 7.05

சின்னத் திருத்தம். ஈயம் என்று பொதுவாக எழுதினால் படிப்பவர்களுக்கு ரசம் வைக்கும் ஈயச் சொம்பு நினைவுக்கு வரும். அது வெள்ளீயம். கலீனாவில் எடுத்தது காரீயம். காரீயச் சொம்பில் யாரும் ரசம் வைத்துவிடக் கூடாது.

ஏட்டுச்சுரைக்காய் | சனி, காலை 7.30

உண்மை, காரீயம்தான். குண்டுக்கும் பெயின்டுக்கும் குழாய்க்கும் போனது. நன்றி ஐயா.

நேர்கோடு | சனி, காலை 9.15

கேட்டவருக்கு யாராவது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டாமா? நான் இரண்டு முறை போயிருக்கிறேன். கட்டடம் பழையதுதான், மறுக்கவில்லை. உள்ளே இருப்பது என்ன? பாப்கார்ன் கடை, ஒயின் கடை, மெழுகுவத்திக் கடை, மறுபடியும் பாப்கார்ன் கடை. கடைத்தெரு என்றால் அந்த ஊர்க்காரன் ஓர் ஆணியாவது வாங்க முடிய வேண்டும். ஊரில் இருப்பது மூவாயிரத்து முந்நூறு பேர்தான். வாரக் கடைசியில் நடைபாதையில் இடித்துக்கொள்பவர்கள் எல்லாரும் நம்மைப் போல வெளியூர். முகப்பை மட்டும் காப்பாற்றிவிட்டு உயிரை விட்டுவிட்ட ஊர். படப்பிடிப்பு அரங்கில் நடந்ததைப் போலத்தான் எனக்கு இருந்தது.

சுண்ணாம்புக்காரர் | சனி, பகல் 11.50

நேர்கோடு தம்பி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, பிறகு வருகிறேன். முதலில் கேட்டவரின் கேள்வி: மெய்யா, போலியா?

நான் முப்பது ஆண்டு கட்டட வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். பக்கத்து மாநிலத்தில் இருப்பதால் ஆண்டுக்கு ஒரு முறையாவது கலீனா போகிறேன். அங்கே போனால் கடையைப் பார்க்காதீர்கள், சுவருக்கு அருகே போய் இரண்டு செங்கலுக்கு நடுவில் இருக்கும் காரையைப் பாருங்கள். வெளிறிய நிறத்தில், விரல் நகத்தால் கீறினால் சற்றே உதிர்கிற மாதிரி இருந்தால் அது சுண்ணாம்புக் காரை. சாம்பல் நிறத்தில் கல் போல இறுகியிருந்தால் சிமென்ட். போர்ட்லண்ட் சிமென்டுக்கு இங்கிலாந்தில் 1824-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். ஆனால் அமெரிக்காவில் அதைத் தயாரிக்கத் தொடங்கியது 1870-களில்தான். ஆக, 1850-களின் சுவரில் சாம்பல் நிறக் கோடு தெரிந்தால் யாரோ பின்னாளில் பாயின்டிங், அதாவது செங்கல் இடுக்குகளில் புதுக் காரை பூசும் வேலை, செய்திருக்கிறார்கள் என்று பொருள்.

அப்படிச் செய்தால்தான் சுவர் கெடும். அக்காலச் செங்கல் மென்மையானது. மழை நீரைக் குடிக்கும், காரை வழியே ஆவியாக விட்டுவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் செங்கலுக்குள்ளேயே தங்கும். குளிர்காலத்தில் நீர் உறைந்தால் அதன் கன அளவு ஒன்பது சதவீதம் பெருகும். செங்கலின் முகம் தோல் உரிவதைப் போலச் சில்லுச் சில்லாக உதிரும். காரை செங்கலைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. கெட்டால் காரை கெடட்டும், ஐம்பது ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம். செங்கலை எங்கே போய் மாற்றுவது?

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நான் வாங்கிய பழைய வீட்டின் புகைபோக்கிக்கு என் கையாலேயே நல்ல கெட்டிச் சிமென்டாகப் பூசினேன். நான்காவது குளிர்காலத்தில் செங்கல் முகங்களை வாளியில் அள்ளினேன். அதற்குப் பிறகுதான் தேசியப் பூங்காத் துறையின் பழங்கட்டடப் பராமரிப்புக் குறிப்புகளில் இரண்டாவது குறிப்பு முழுக்க இதைப் பற்றியது என்று தெரிந்தது. ஆறாவது குறிப்பு மணலைப் பீய்ச்சிச் செங்கலைச் சுத்தம் செய்யாதே என்பது. சூளையில் வெந்த மேல்தோல் அதில் போய்விடும்.

பயணப்பை | சனி, பகல் 12.20

ஐயா, மிக்க நன்றி. ஒரு படத்தில் சுவரின் நடுவே நட்சத்திர வடிவத்தில் இரும்புத் தகடுகள் தெரிகின்றன. அழகுக்காகவா?

சுண்ணாம்புக்காரர் | சனி, பகல் 12.45

அழகு இரண்டாவது. அந்தத் தகட்டுக்குப் பின்னால் ஓர் இரும்புக் கம்பி சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய் மாடியின் மர உத்தரத்தோடு கட்டப்பட்டிருக்கும். சுவர் வெளியே தள்ளிக்கொண்டு வராமல் இழுத்துப் பிடிக்கிறது. சட்டைப் பொத்தான் மாதிரிதான். தகட்டை நட்சத்திரமாக வார்த்தது வார்ப்படக்காரனின் ரசனை.

பாதிராத்திரி | சனி, மாலை 4.10

எல்லாரும் சுற்றி வளைக்கிறீர்கள். கலீனா பிழைத்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று: காசில்லாமல் போனது. உருக்காலைக்கும் படகுக் கொதிகலனுக்கும் குன்றுகளில் இருந்த மரத்தையெல்லாம் வெட்டினார்கள். மண் சரிந்து ஆற்றில் இறங்கியது. ஆறு தூர்ந்தது. படகு வரவில்லை. மேலாக இருந்த காரீயம் தீர்ந்தது. ரயில் வந்ததும் வணிகம் சிகாகோவுக்குப் போய்விட்டது. 1860-ல் எட்டாயிரத்துச் சொச்சம் பேர் இருந்த ஊர் 1900-ல் ஐந்தாயிரம். மற்ற ஊர்கள் பணம் வரவர இடித்துப் புதிதாகக் கட்டின. இவர்களிடம் இடிக்கவும் காசில்லை. இதில் யாருக்கும் பாராட்டுப் பத்திரம் தேவையில்லை.

ஏட்டுச்சுரைக்காய் | சனி, மாலை 5.00

எட்டாயிரம் என்று எழுதியதற்கு நன்றி. விளம்பரத் தாள்களில் பதினாலாயிரம் என்று போடுகிறார்கள். கணக்கெடுப்பில் 1850-ல் ஆறாயிரம், 1860-ல் எட்டாயிரத்து இருநூறை ஒட்டி, அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கை. ஆறு தூர்ந்துகொண்டிருந்த அதே நேரத்தில், 1857-லிருந்து 1859-க்குள், மத்திய அரசு அந்த ஊரில் கம்பீரமான ஒரு சுங்க மாளிகையைக் கட்டிக்கொண்டிருந்தது. கருவூலத் துறையின் கட்டடக் கலைஞர் அம்மி யங் வரைந்தது. படகுத் தொழிலாளிகளுக்கு ஒரு மருத்துவமனையும் கூடவே. துறைமுகம் செத்த பிறகும் மாளிகை நிற்கிறது. அஞ்சலகம் அதில்தான். நேர்கோடு அவர்களே, ஆணி கிடைக்காது, தபால் தலை கிடைக்கும்.

சுண்ணாம்புக்காரர் | சனி, இரவு 8.35

பாதிராத்திரி, நீங்கள் சொன்னதைச் சுற்றுலா வழிகாட்டிகளும் சொல்கிறார்கள். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் காசில்லாமை கட்டடத்தை இடிக்காமல் விடும், காப்பாற்றாது. இரண்டும் வேறு. கூரையில் ஓர் ஓடு போனால் உத்தரம் நனையும், உத்தரம் நனைந்தால் தளம் இறங்கும், தளம் இறங்கினால் சுவர் பிளக்கும். இதற்கு நூறு ஆண்டு வேண்டாம், பதினைந்தே போதும்.

சாட்சி ஊருக்குள்ளேயே இருக்கிறது. டிசோட்டோ ஹவுஸ் கட்டும்போது ஐந்து மாடி, இருநூறுக்கும் மேற்பட்ட அறைகள், நாட்டின் மேற்குப் பக்கத்திலேயே பெரிய ஹோட்டல் என்று பெருமை பேசினார்கள். வியாபாரம் படுத்ததும் 1880 வாக்கில் மேல் இரண்டு மாடிகளைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். இன்று பார்க்கிற மூன்று மாடிதான் மிச்சம். அது வறுமை செய்த வேலை. வறுமை கட்டடத்தைத் தின்னும், மெல்ல மெல்லத் தின்னும்.

அதனால் 1950-களுக்குப் பிறகு அந்தச் சுவர்கள் நிற்கின்றன என்றால் யாரோ ஏணி வைத்து ஏறியிருக்கிறார்கள். வெள்ளத்தையும் மறக்காதீர்கள். தூர்ந்த ஆறு ஒவ்வொரு பெருமழைக்கும் கடைத்தெருவுக்குள் வந்தது. 1951-ல் ராணுவப் பொறியாளர் பிரிவு கரை எழுப்பி, தெருவின் நுழைவிலேயே பெரிய இரும்புக் கதவு வைத்தது. கார் அதற்குள் புகுந்துதான் போக வேண்டும். அழகான கட்டடம் எதுவும் அது இல்லை, ஆனால் என்னைக் கேட்டால் ஊரிலேயே முக்கியமான பழங்கட்டடப் பாதுகாப்பு வேலை அந்தக் கதவுதான்.

பாதிராத்திரி | சனி, இரவு 9.10

டிசோட்டோ கதை எனக்குத் தெரியாது. சரி, காசில்லாதது இடிப்பதைத் தள்ளிப்போட்டது என்று மாற்றிக்கொள்கிறேன். அதற்கு மேல் இறங்கி வரமாட்டேன்.

மணிமுத்தாறு | ஞாயிறு, காலை 10.30

ஒரு கேள்வி. ஊரின் பெரும்பகுதி 1969-லேயே பழங்கட்டடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் ஏறிவிட்டது என்கிறார்கள். அப்படியானால் அதன் பிறகு யாரும் இடிக்க முடியாதுதானே? காப்பாற்றியது சட்டம் என்று சொல்லிவிட்டுப் போகலாமே.

ஏட்டுச்சுரைக்காய் | ஞாயிறு, பகல் 12.05

நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். 1966 சட்டப்படி அமைந்த தேசியப் பதிவேடு ஒரு மரியாதை, பூட்டு இல்லை. தனியார் தன் சொந்தப் பணத்தில் தன் கட்டடத்தை இடித்தால் பதிவேடு தடுக்காது. மத்திய அரசின் பணமோ அனுமதியோ கலந்த வேலை என்றால்தான் ஆய்வு வரும். மெய்யான பூட்டு நகராட்சியின் கையில். உள்ளூர் விதி இருந்தால், சன்னலை மாற்றுவதற்கும் அனுமதி கேட்க வேண்டும்.

பதிவேட்டில் இருப்பதால் கிடைக்கும் பெரிய ஆதாயம் வரியில். கடை, விடுதி என்று வருமானம் தரும் பழங்கட்டடத்தை விதிப்படி புதுப்பித்தால் செலவில் இருபது சதவீதத்தை மத்திய வரியில் கழித்துக்கொள்ளலாம். குடியிருக்கிற சொந்த வீட்டுக்கு இது கிடையாது. நேர்கோடு அவர்களின் பாப்கார்ன் கடைக்குக் கிடைக்கும்.

நேர்கோடு | ஞாயிறு, பகல் 1.20

பார்த்தீர்களா, நான் சொன்னது அங்கேயே வந்து நிற்கிறது. வருமானம் தந்தால் காப்பாற்று. வருமானம் தருவது வெளியூர்க்காரன் வாங்கும் பாப்கார்ன். அப்புறம் ஊர் யாருடையது?

சுண்ணாம்புக்காரர் | ஞாயிறு, பகல் 2.00

தம்பி, பாதி நியாயம் என்று சொன்னேனே, அந்தப் பாதி இதுதான். ஆனால் ஒரு திருத்தம். அந்தத் தெரு என்றைக்கும் வெளியூர்க்காரனுக்காகவே இருந்தது. சுரங்கத்துக்கு வந்தவன், படகில் வந்தவன், மேற்கே போகிறவன் எல்லாரிடமும் மண்வெட்டியும் விஸ்கியும் விற்ற கடைகள் அவை. அன்று விஸ்கி, இன்று பாப்கார்ன். கூரை ஒழுகாமல் இருந்தால் எனக்கு எது விற்றாலும் சரி. பக்கத்துத் தெருக்களில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், துணி உலர்த்துகிறார்கள், போய்ப் பாருங்கள்.

கிழக்குவாசல் | ஞாயிறு, மாலை 6.45

இத்தனை பேர் இவ்வளவு எழுதியும் கட்டியவர்கள் யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. முதலாளி பெயர், கட்டடக் கலைஞர் பெயர், தலைவர் பெயர், அவ்வளவுதான்.

வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பே மெஸ்க்வாக்கி, சாக், ஹோ-சங்க் மக்கள் அங்கே காரீயம் எடுத்தார்கள். 1820-களில் கென்டக்கியிலிருந்து ஜேம்ஸ் ஜான்சன் என்பவர் சுரங்கக் குத்தகையோடு வந்தபோது அடிமைகளையும் கூட்டிவந்தார். இல்லினாய் அடிமை முறை இல்லாத மாநிலம் என்று ஏட்டில் எழுதியிருந்ததே தவிர, சுரங்கத்தில் ஒப்பந்தம் என்ற பெயரில் அது நடந்தது. அந்தக் காரீயத்தின் பணம்தான் நீங்கள் எல்லாரும் மெச்சுகிற செங்கல்.

சுங்க மாளிகையைப் பற்றிப் பேசினீர்களே, கட்டுமானத்தை மேற்பார்த்தவர் யார்? ஈலி பார்க்கர். செனகா இனத்தவர். சட்டம் படித்தார், குடிமகன் இல்லை என்று சொல்லி வழக்கறிஞராக விடவில்லை. பொறியாளரானார். 1857-ல் அரசு வேலையாகக் கலீனா வந்து சுங்க மாளிகையையும் படகுத் தொழிலாளர் மருத்துவமனையையும் கட்டினார். 1860-ல் யுலிஸிஸ் கிராண்ட், பின்னாளில் உள்நாட்டுப் போரில் வடக்கத்திய படைகளின் தளபதி, தன் தந்தையின் தோல் கடையில் வேலைக்கு அங்கே வந்தபோது இருவரும் பழகினார்கள். 1865 ஏப்ரலில், அந்தப் போரின் முடிவில், வர்ஜீனியாவின் அப்போமாட்டக்ஸில் தெற்கத்திய தளபதி லீ கிராண்டிடம் சரணடைந்தபோது அந்த ஒப்பந்தத்தைத் தன் கையால் படியெடுத்து எழுதியவர் இந்தப் பார்க்கர்தான்.

அம்மாவை அழைத்துப் போகிறவர் அஞ்சலகத்துக்குள் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கிராண்ட் வீட்டில் கூட்டம் இருக்கும், இங்கே இருக்காது.

ஏட்டுச்சுரைக்காய் | ஞாயிறு, மாலை 7.10

ஒத்துக்கொள்கிறேன் அம்மா. பார்க்கரை நான்தான் எழுதியிருக்க வேண்டும்.

கிராண்ட் வீட்டைப் பற்றி ஒரு வரி. போருக்கு முன் அவர் குடியிருந்தது ஹை தெருவில் ஒரு வாடகை வீடு. எல்லாரும் வரிசையில் நின்று பார்க்கும் செங்கல் மாளிகை 1860-ல் வேறொருவர் கட்டியது. 1865-ல் உள்ளூர் குடியரசுக் கட்சிக்காரர்கள் 2,500 டாலருக்கு வாங்கி, வென்று வந்தவருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். கொஞ்ச காலம்தான் இருந்தார், குடியரசுத் தலைவராகிப் போய்விட்டார். இத்தாலியப் பாணியைக் காட்டுவதற்கு அதைவிட எளிய மாதிரி கிடையாது: முன்னே நீட்டிய கூரை விளிம்பு, அதைத் தாங்கும் செதுக்கிய மரத் தாங்கிகள், ஒடுங்கி உயர்ந்த சன்னல்கள். பக்கத்தில் கிராண்டின் அரசியல் ஆதரவாளர் வாஷ்பர்னின் வீட்டைப் பார்த்தால் தூண் வைத்த கிரேக்கப் பாணி. இருபது ஆண்டுக்குள் ரசனை எப்படி மாறியது என்பது கண்ணுக்குத் தெரியும். 1868 தேர்தலில் வென்ற செய்தி தந்தியில் வந்தபோது கிராண்ட் வாஷ்பர்ன் வீட்டில்தான் காத்திருந்தார்.

பயணப்பை | அடுத்த திங்கள், இரவு 10.15

போய் வந்துவிட்டோம். எல்லாருக்கும் நன்றி. ஒழுங்காக எழுத வரவில்லை, நினைவில் இருப்பதைச் சொல்கிறேன்.

வெள்ளக் கதவுக்குள் கார் நுழைந்தபோது அம்மா, "கோட்டை வாசலா?" என்று கேட்டார். சுண்ணாம்புக்காரர் ஐயாவின் விளக்கத்தைச் சொன்னேன். ஆற்றைப் பார்க்க வேண்டும் என்றார். பாலத்தில் நின்று பார்த்தோம். படகுகள் வந்த ஆறு என்று சொன்னால் நம்ப மறுத்தார். கல் எறிந்தால் அக்கரையில் விழும்.

கடைத்தெருவில் நேர்கோடு சொன்னது சரி, ஆணி கிடைக்கவில்லை. பாப்கார்ன் வாங்கினோம். ஆனால் தெரு வளைந்து போகிற விதம் படத்தில் வராத ஒன்று. ஆற்றின் வளைவுக்கேற்ப கட்டடங்களும் வளைகின்றன, முடிவு தெரிவதில்லை. அதற்கு மேல் குன்று. முன்பக்கம் மூன்று மாடி இருக்கும் வீட்டுக்குப் பின்பக்கம் போனால் அதன் மூன்றாம் மாடி மேல் தெருவின் மட்டத்தில் நிற்கிறது. தெருவுக்கும் தெருவுக்கும் நடுவில் படிக்கட்டுகள். அம்மாவைக் காரில் மேலே கொண்டுபோகலாம் என்றேன். கேட்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டே ஏறினார். எழுபதுக்குப் பிறகு யாரோ வணக்கம் சொன்னதில் கணக்கு விட்டுப்போனது.

அஞ்சலகம் பூட்டியிருந்தது, ஞாயிற்றுக்கிழமை போனது என் தவறு. வெளியில் நின்றே பார்க்கரின் கதையைச் சொன்னேன். அம்மா சுவரைத் தொட்டுப் பார்த்தார். கிராண்ட் வீட்டில் அவருக்குப் பிடித்தது சமையலறை மட்டும்.

ஐயா, கடைத்தெருவில் ஒரு சுவரில் காரையை நகத்தால் கீறிப் பார்த்தேன். உதிர்ந்தது. கடைக்காரர் பார்த்துவிட்டார். என்ன செய்கிறாய் என்று கேட்டார். சுண்ணாம்பா சிமென்டா என்று பார்க்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவர் எங்களை விடவில்லை. பின்சுவரில் தான் செய்த பாயின்டிங்கை அழைத்துப்போய்க் காட்டினார்.

சுண்ணாம்புக்காரர் | அடுத்த திங்கள், இரவு 10.40

படம் எடுத்தீர்களா? முகப்பு வேண்டாம். அந்தப் பின்சுவர்.

பயணப்பை | அடுத்த திங்கள், இரவு 10.52

எடுத்தேன் ஐயா. அம்மா நடுவில் நிற்கிறார், பரவாயில்லையா?

சுண்ணாம்புக்காரர் | அடுத்த திங்கள், இரவு 10.55

அனுப்புங்கள். அம்மாவின் கைக்கு இடப்பக்கம் காரை தெரிந்தால் போதும்.